இடப்பக்கச் சக்கரம்

என் கொழுந்தனுக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. சட்டைப் பித்தான் அறுந்தால் அதை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு என்னிடம் வருவான். அப்படிப்பட்டவனிடம் நாற்பதாயிரம் பேர் தையல் கற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. கோபம் கொஞ்சம் தாமதமாக, பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது வந்தது. ஒரு தட்டு உடைந்தது.

நான் தையல்காரி. பதினொரு வருடம் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் காலர் வைக்கிற வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முதுகு போன பிறகு வீட்டு முன்னறையில் சொந்தமாக மெஷின் போட்டுக்கொண்டேன். பிறவியிலேயே இடதுகைக்காரி. நான் துணி வெட்டுவதைப் பார்க்கிறவர்களுக்கு ஏதோ தப்பு நடப்பதுபோலவே இருக்கும். ஆறு வருடத்துக்கு முன்னால் அதை வீடியோ எடுத்து இணையத்தில் போடத் தொடங்கினேன். முகம் தெரியாது. கைகள், துணி, மெஷின், என் குரல், அவ்வளவுதான். சேனலுக்கு ‘லெஃப்டு அக்கா’ என்று பெயர். இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு பாடங்கள்.

படம் பிடிப்பது நான். வெட்டி ஒட்டி ஏற்றுவது கொழுந்தன். அவன் செல்போன் கடை வைத்திருக்கிறான். குடும்பத்தில் கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் என்று பெயர். அந்தப் பெயரை அவன் சம்பாதித்தது என் மாமியாரின் போனில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்து. நானும் நம்பினேன். எடுத்ததை எடுத்தபடியே அவனுக்கு அனுப்பிவிடுவேன். இருமியது, தும்மியது, பாதியில் குக்கரை அணைக்க ஓடியது எல்லாம் அவனிடம் போய்ச் சேரும். ஓரிரு நாளில் சுத்தமான பாடமாக என் சேனலில் வந்து நிற்கும்.

வம்பு ஒரு நல்ல செய்தியில்தான் ஆரம்பித்தது. பெண்களுக்கான தொழிற்பயிற்சி மையம் ஒன்று என் பாடங்களைத் தன் ஒரு வருடப் படிப்புக்கு எடுத்துக்கொள்ள விரும்பியது. பாடப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ‘பாடம் அமைத்தவர்’ என்று என் பெயரைப் போடுவார்களாம். பள்ளிக்கூடத்தில் இடது கையால் எழுதியதற்கு அடி வாங்கியவள் நான். பாடப் புத்தகத்தில் என் பெயர் வரும் என்றதும் தலைகால் புரியவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் குடும்பத்தில் எல்லோரிடமும் சொல்லித் தீர்த்தேன்.

பத்து நாளில் வீடியோத் தளத்திலிருந்து கடிதம் வந்தது. என்னுடைய ‘ஆண்கள் சட்டைக் காலர்’ பாடம் ‘கட்டிங் மாஸ்டர்’ என்ற சேனலின் காப்புரிமையை மீறுகிறதாம். அந்தச் சேனலை நான் கேள்விப்பட்டதே இல்லை. அடுத்த வாரம் இன்னொரு கடிதம், பாக்கெட் பாடத்துக்கு. அதற்கடுத்த வாரம் மூன்றாவது, கைமடிப்புப் பாடத்துக்கு. மூன்று புகார் சேர்ந்தால் சேனலே போய்விடும் என்பது சட்டம். ஏழு நாட்களுக்குள் மறுப்பையும் தகுந்த ஆதாரத்தையும் அனுப்பாவிட்டால் இருநூற்றுப் பன்னிரண்டு பாடங்களும் அழிக்கப்படும் என்று எழுதியிருந்தது. பதில் கேட்டு நான் நான்கு முறை எழுதினேன். நான்கு முறையும் என் பொறுமைக்கு நன்றி சொன்னார்கள். பொறுமையாக இருக்கிறேன் என்று அந்த மடையர்களிடம் யார் சொன்னது?

‘கட்டிங் மாஸ்டர்’ சேனலைத் திறந்து பார்த்தேன். வானொலியில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி ஒரு கனத்த ஆண் குரல், மனிதன் பேசாத கம்ப்யூட்டர் குரல், “நான் கண்டுபிடித்த புதிய முறை” என்று தொடங்கியது. பிறகு திரையில் என் கைகள் வந்தன. கட்டைவிரலில் இஸ்திரி சுட்ட தழும்பு வரைக்கும் அப்படியே. என் முன்னறை ஜன்னல் திரையும் பின்னால் ஆடியது. அந்தக் கைகளைக் குரல் “என் உதவியாளர்” என்று அறிமுகப்படுத்தியது.

ஆனால் ஏதோ இடித்தது. இரண்டு முறை பார்த்த பிறகுதான் புரிந்தது. படம் முழுவதையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாகத் திருப்பியிருந்தான். அப்படித் திருப்பிவிட்டால் இரண்டும் ஒன்றுதான் என்று தளத்தின் கம்ப்யூட்டரால் கண்டுபிடிக்க முடியாதாம். என் வாழ்நாளில் முதல் முறையாக நான் வலது கையால் துணி வெட்டிக்கொண்டிருந்தேன்.

திருப்பினால் எழுத்தும் எண்ணும் இடவலம் மாறித் தெரியுமே, அதற்கும் வழி பண்ணியிருந்தான். மெஷினில் இருந்த கம்பெனிப் பெயரை மங்கலாக்கியிருந்தான். அளவு நாடாவின் மேல் மஞ்சள் பட்டை ஒட்டி, எண்களைப் புதிதாக அடித்துப் போட்டிருந்தான். அதிலும் பாதி தப்பு. நான் பதினான்கரை என்று வெட்டிய கழுத்து அங்கே இருபத்தாறு என்று நின்றது. மாட்டுக் கழுத்துக்குத்தான் அது பொருந்தும். ஒவ்வொரு பாடத்துக்கும் இப்படி உட்கார்ந்து வேலை செய்திருக்கிறான். இந்த உழைப்பில் பாதியைப் போட்டிருந்தால் தையலையே கற்றுக்கொண்டிருக்கலாம். திருடனிடம்கூட ஒரு நேர்த்தியை எதிர்பார்க்கிற புத்தி எனக்கு. அதுவும் அவனிடம் இல்லை.

யார் என்று யோசிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அனுப்பியதும் இடம் போதாமல் என் போனிலிருந்து அழித்துவிடுவேன், வெட்டாத வீடியோ அவன் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது. போதாததற்கு அங்கே ஒவ்வொரு பாடமும் என் சேனலுக்கு ஒரு நாள் முன்னதாக ஏறியிருந்தது. இரண்டு வருடமாக அவன் தன் இலையில் பரிமாறிக்கொண்டு மிச்சத்தை எனக்கு வைத்திருக்கிறான். தேதியை மட்டும் பார்க்கிறவர்களுக்கு நான்தான் திருடி.

ஞாயிற்றுக்கிழமை அவனையும் அவன் மனைவியையும் வீட்டுக்கு வரச் சொன்னேன். மறுப்பான், சத்தியம் செய்வான் என்று நினைத்தேன். அவன் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு எனக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்தான்.

“அண்ணி, ஐடியாவுக்கெல்லாம் யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. காலரை இப்படி வெட்டலாம்ங்கிறது ஒரு ஐடியா. அதுக்குக் காப்பிரைட் கிடையாது. வீடியோவுக்குத்தான் உண்டு. அதை முதல்ல ஏத்துனது யாரு? நான்தானே.”

பாதிச் சட்டம் தெரிந்தவனைப் போலத் தொல்லை வேறில்லை. அந்த வீடியோவை எடுத்தது யார் என்று கேட்டேன். எடுத்தது போன், எடிட் செய்தது தான், அண்ணி வெறும் கை மட்டும்தான் என்றான். அவன் மனைவி தலையை ஆட்டினாள். அவள் போட்டிருந்த ரவிக்கை நான் தைத்தது. அளவெடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒல்லி என்று காட்டிய ரவிக்கை.

என் கணவர் பஸ் டெப்போவில் ஸ்டோர் கிளார்க். அங்கே ஒரு நட்டு குறைந்தால் மூன்று படிவம் நிரப்புவார். வீட்டில் இரண்டு வருடப் பாடங்கள் களவு போனதற்கு அவர் எழுந்து போய் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவைத்தார். யார் பேரில் இருந்தால் என்ன, வீட்டுக்குள்ளேதானே இருக்கிறது என்றார். நல்ல மனிதர் என்று ஊரில் பெயரெடுத்தவர்கள் எல்லாம் இப்படித்தான், அடுத்தவர் பொருளை எடுத்து விட்டுக்கொடுப்பார்கள்.

நான் விடவில்லை. பயிற்சி மையத்தில் போய் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன் என்றேன். அப்போதுதான் கொழுந்தன் காலை மடக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“சொல்லுங்க. ஆனா அந்தக் காலர் உங்களோடதா அண்ணி? முதல் டேக்ல நீங்க பேசுனதை நான்தானே வெட்டுனேன். வெட்டுனது எங்கிட்ட பத்திரமா இருக்கு.”

கூடத்தில் வேறு யாருக்கும் அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. இதை எழுதுகிற வரைக்கும் யாரிடமும் சொல்லாததால் இங்கே சொல்கிறேன்.

சட்டைக் காலருக்கு மேல்பகுதி தனி, கழுத்தைச் சுற்றி நிற்கும் அடிப்பட்டி தனி. இரண்டையும் தைத்து இணைப்பதில்தான் பாதி நேரம் போகும், கூர் நுனியும் கெட்டுப்போகும். துணியை ஒரு விதமாக மடித்து இரண்டையும் ஒரே துண்டாக வெட்டிவிட்டால் அந்த இணைப்பே தேவையில்லை. என் சேனலில் அதிகம் பேர் பார்த்த பாடம் அதுதான். பயிற்சி மையம் என்னைத் தேடி வந்ததும் அதற்காகத்தான்.

அதைக் கண்டுபிடித்தது நான் இல்லை. தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மெஷினில் இருந்தவள். சாப்பாட்டு நேரத்தில் கழிவுத் துணியை மடியில் போட்டுக்கொண்டு, வாயில் சோற்றை மென்றபடியே வெட்டி வெட்டிப் பார்ப்பாள். நாலைந்து மாதம் அப்படி வெட்டினாள். சரியாக வந்த அன்று எனக்குத்தான் முதலில் காட்டினாள். நான் இடதுகைக்காரி என்பதால் எனக்காக மடிப்பை மாற்றிப் போட்டும் காட்டினாள். முதன்முதலாக அந்த வீடியோவை எடுத்தபோது அவள் பெயரைச் சொல்லித்தான் தொடங்கினேன். உடனே நிறுத்தி, “அந்த இடத்தை வெட்டிடு” என்று கொழுந்தனுக்குச் சொன்னேன். பாடம் நீளமாகிறது என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். அவள் பெயர் இரண்டு நொடி.

வீடியோ வந்த அடுத்த மாதம் அதன் கீழே ஒரு கருத்து வந்தது. “நல்லா வந்திருக்கு. நுனியை இன்னும் கொஞ்சம் சாய்ச்சு வெட்டு.” அவள்தான். கண் மங்கிப்போய் அதே தொழிற்சாலையில் பிசிறு நூல் வெட்டும் பகுதிக்கு அவளை மாற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். தன்னுடையது என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் அந்தக் கருத்தை அழித்தேன். அடுத்த வீடியோவில் நுனியைச் சாய்த்து வெட்டினேன்.

ஆக கொழுந்தன் சொன்னது வெறும் மிரட்டல் இல்லை. ஆனால் இரண்டு நாள் யோசித்ததில் அவன் எவ்வளவு பெரிய முட்டாள் என்பதும் விளங்கியது. வெட்டிய அந்தத் துண்டை அவன் யாருக்காவது போட்டுக் காட்டினால் அதில் என் குரல் இருக்கும், என் அறை இருக்கும், இடது கை இடது கையாகவே இருக்கும். என்னைத் திருடி என்று நிரூபிக்க அவன் தன்னைத் திருடன் என்று நிரூபித்தாக வேண்டும். அவனால் வாயைத் திறக்க முடியாது. அந்தத் தைரியத்தில்தான் நான் பயிற்சி மையத்துக்குக் கிளம்பினேன்.

மையத்தின் தலைமைப் பயிற்சியாளர் ஐம்பது வயதுப் பெண்மணி. கழுத்தில் அளவு நாடா, விரல் நுனியில் எப்போதும் சாக்பீஸ் பொடி. ஒரே மாதிரி இரண்டு சேனல் இருப்பதை அவரே கவனித்துவிட்டு எங்கள் இருவரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொல்லியிருந்தார். யாருடையது என்று தெரிந்தால் வீடியோத் தளத்துக்குத் தானே கடிதம் தருவதாகவும் சொன்னார். எனக்கு அந்தக் கடிதம்தான் ஆதாரம். ஏழு நாளில் இரண்டு நாள் மிச்சம் இருந்தது.

வகுப்பறையில் இருபது மெஷின்கள் உறை போட்டு நின்றன. வெட்டும் மேசையின் முன்னால் எங்களை உட்காரவைத்து ஆளுக்கொரு உறுதிமொழிப் படிவத்தைத் தள்ளினார். கொழுந்தன் பேனாவைத் திறந்து, ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்தைக் கிறுக்கித் திருப்பித் தள்ளினான். கூரியர் வாங்குகிற வேகம். நான் பேச்சு முடியட்டும் என்று படிவத்தை ஓரமாக வைத்தேன்.

முதலில் அவன் பேசினான். எட்டு வருட ஆராய்ச்சி என்றான். துணியின் மொழி என்றான். தலைமைப் பயிற்சியாளர் அவன் மடிக்கணினியை வாங்கி, காலர் பாடத்தை ஓடவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். வெட்டும் பகுதி முடிந்து மெஷினில் தைக்கும் பகுதி வந்தது. அவர் எழுந்து போய்ப் பக்கத்து மெஷினின் உறையை எடுத்தார். அதையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். வாய் ஓரத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

“தம்பி, இந்த மெஷின் எங்க வாங்கினீங்க?”

அவன் ஏதோ கடையின் பெயரைச் சொன்னான்.

“நான் முப்பது வருஷமா மெஷின்ல உக்கார்றேன். கைச்சக்கரம் வலது பக்கம்தான் இருக்கும். உங்களுக்கு மட்டும் இடது பக்கம் இருக்கே.”

அவன் திரையைப் பார்த்தான். மெஷினைப் பார்த்தான். எழுத்தை மறைத்தவன், எண்ணை மறைத்தவன், தையல் மெஷினின் சக்கரம் எந்தப் பக்கம் இருக்கும் என்பதை ஒரு நாளும் பார்த்ததில்லை. இரண்டு வருடம் என் கைகளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அந்தக் கைகள் என்ன செய்தன என்பது கண்ணில் படவே இல்லை. எனக்கு அவன்மேல் பரிதாபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

“அது இடதுகைக்காரங்களுக்காக ஸ்பெஷலா ஆர்டர் பண்ணது மேடம்” என்றான்.

“சரி. ஆனா இதுல வேலை செய்யிறது வலது கையாச்சே.”

அவர் விடவில்லை. பாடத்தின் கடைசியில் வரும் முடிந்த சட்டையை நிறுத்திக் காட்டினார். ஆண்கள் சட்டையில் பித்தான் துளை இடது பக்கத்தில் இருக்கும். திரையில் வலது பக்கம் இருந்தது. கட்டிங் மாஸ்டர் நாற்பதாயிரம் பேருக்கு ஆண்கள் சட்டை என்று பெண்கள் சட்டையைக் கற்றுக்கொடுத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு வலிக்கச் சிரித்தேன். அவன் அசடு வழியத் தானும் சிரிக்கப் பார்த்தான், பிறகு தரையைப் பார்க்க ஆரம்பித்தான்.

மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. மூன்று புகார்களையும் அங்கேயே உட்கார்ந்து திரும்பப் பெறும்படி தலைமைப் பயிற்சியாளர் சொன்னார். மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து ஒவ்வொன்றாகச் செய்தான். அவன் கையெழுத்துப் போட்ட படிவத்தை அவர் நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார். எனக்கான கடிதத்தைத் தட்டச்சு செய்யச் சொல்லிவிட்டு, ஓரத்தில் கிடந்த என் படிவத்தை எடுத்து எனக்கு நேராக வைத்தார். இது இல்லாமல் புத்தகத்தில் பெயர் போட முடியாது, நிர்வாகத்தின் விதி என்றார்.

படித்தேன். ஆறே வரி. ‘இப்பாடங்களும் இவற்றில் கற்பிக்கப்படும் முறைகளும் என் சொந்தப் படைப்பு. வேறு எவரிடமிருந்தும் பெறப்பட்டவை அல்ல.’ கீழே பாடங்களின் பட்டியலில் முதலாவதாகக் காலர் இருந்தது.

“அந்தக் காலர் மடிப்பு அபாரம்மா. அதை மட்டும் நான் வேற எங்கயும் பார்த்ததில்ல. நீங்களே யோசிச்சதா?” என்று கேட்டார். பாராட்டாகத்தான் கேட்டார்.

மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்தேன். அந்த ஒரு பாடத்தை அடித்துவிட்டு, முறை இன்னாருடையது என்று ஓரத்தில் எழுதலாம். இடம் இருந்தது. எழுதினால் மையத்துக்குப் பிடித்த பாடமே என்னுடையது இல்லை என்றாகும். முதல் பக்கத்தில் இரண்டு பெயர் வரும். ஒருவேளை அவள் பெயர் முதலில் வரும். கண் மங்கியவளுக்குப் புத்தகத்தில் பெயர் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். நினைத்தது நான்தான், வேறு யாருமில்லை.

“ஆமா” என்றேன்.

கொழுந்தன் தரையிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். இத்தனை வருடத்தில் அவன் என்னை அவ்வளவு பிரியமாகப் பார்த்ததில்லை. அவன் முகத்தில் இருந்த அவமானம் எல்லாம் வடிந்து போயிருந்தது. பேனாவை அவனே எடுத்து, மூடியைக் கழற்றி, மரியாதையாக என் பக்கம் நீட்டினான்.

வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். அவன் படிக்காமல் போட்டான், நான் இரண்டு முறை படித்துவிட்டுப் போட்டேன்.